கல்லூரியை எங்ஙனம் மதிப்பிடுவது?



சொந்த ஊரில் வாழ்பவர் தம் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க நினைத்தால், அவருக்கு வழிகாட்டப் பலர் உண்டு. எதிர்வீட்டுப் பையன் அங்கே படித்திருப்பான். அத்தை மகள் அங்கே விரிவுரையாளராக இருப்பாள். பேருந்தில் உடன் வரும் மாணவர்களின் பேச்சே பாதி உண்மையைச் சொல்லிவிடும். உத்தியோகத்தையும் தொழிலையும் நாடித் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஜாம்ஷெட்பூரிலும் குடியேறிய நம்மவர்க்கு அந்த வசதி இல்லை. தமிழகத்துக் கல்லூரியாயின் அது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. குடியேறிய மாநிலத்துக் கல்லூரியாயின், அதைப் பற்றிய ஊர்ப்பேச்சு நம் காதுக்கு எட்டுவதில்லை. ஆகவே நாம் அச்சிட்ட எண்களையே நம்புகிறோம். 'ஏ பிளஸ் பிளஸ் தரம் பெற்றது', 'தேசியத் தரவரிசையில் இடம் பெற்றது' என்று விளம்பரத்தில் கண்டால் பாதி முடிவு செய்துவிடுகிறோம். அந்த எண்களும் எழுத்துகளும் எவற்றை அளக்கின்றன, எவற்றை விட்டுவிடுகின்றன, விடுபட்டவற்றை நாமே எவ்வாறு அளந்தறியலாம் என்பவற்றை இன்று ஆராய்வோம்.

முதலில் பரப்பை நோக்குவோம். மத்திய அரசின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு 2021-22-ஆம் ஆண்டுக்குத் தந்த விவரப்படி நாட்டில் 1,168 பல்கலைக்கழகங்களும் 45,473 கல்லூரிகளும் இருந்தன. உயர்கல்வி பயின்றோர் தொகை ஏறத்தாழ 4 கோடியே 33 லட்சம். 18 முதல் 23 வரையுள்ள வயதினரின் தொகையோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் மொத்தச் சேர்க்கை விகிதம் அகில இந்திய அளவில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டிலோ 47 விழுக்காடு. முந்தைய தலைமுறையில் 'இடம் கிடைக்குமா?' என்பதே பெற்றோரின் கவலையாக இருந்தது. இன்று பல துறைகளில் இடத்துக்குப் பஞ்சமில்லை. 'கிடைக்கும் இடம் தகுதியானதா?' என்பதே இன்றைய கவலை.

இக்கேள்விக்கு விடைகாண அரசு இரு வழிகளை வகுத்தது. ஒன்று தரச்சான்று, மற்றொன்று தரவரிசை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். அவை ஒன்றல்ல.

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, பல்கலைக்கழக மானியக் குழுவின் தன்னாட்சி அமைப்பாக 1994-இல் பெங்களூரில் தோன்றியது தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு. 'நாக்' என்று சுருக்கமாக வழங்கப்படுவது இதுவே. பாடத்திட்டம், கற்பித்தல், ஆராய்ச்சி, கட்டடமும் நூலகமும் போன்ற வசதிகள், மாணவர்க்குத் துணை, நிர்வாகம், நிறுவனத்தின் விழுமியங்கள் என ஏழு தலைப்புகளில் இக்குழு கல்லூரியை ஆராய்ந்தது. நான்கு புள்ளிக்கு இத்தனை என்று மதிப்பிட்டு, 3.51-க்கு மேற்பட்டதற்கு 'ஏ பிளஸ் பிளஸ்', 3.26 முதல் 3.50 வரை 'ஏ பிளஸ்' என எழுத்துத் தரம் அளித்து வந்தது. 2024 ஜனவரியில், எழுத்துகளை விடுத்து 'சான்று பெற்றது', 'பெறாதது' என்னும் இருநிலை முறைக்கு மாறும் முடிவு அறிவிக்கப்பட்டது. ஆயினும் முன்னர் அளிக்கப்பட்ட எழுத்துகள் இன்றும் பல கல்லூரிகளின் வாயிலையும் விளம்பரத்தையும் அலங்கரிக்கின்றன. அவற்றைக் காணும்போது, அவை எந்த ஆண்டில் பெறப்பட்டவை, எந்த ஆண்டு வரை செல்லத்தக்கவை என்பதைக் கேட்டறிவது நம் முதற்கடமை.

இரண்டாவது, தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பு. 2015-இல் வகுக்கப்பெற்று, 2016-இல் முதற்பட்டியல் வெளியாயிற்று. பல்கலைக்கழகம் முதலிய பெருநிறுவனங்களை வரிசைப்படுத்துகையில், கற்பித்தலுக்கும் அதற்கான வளங்களுக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30, பட்டம் பெற்றோர் அடைந்த பயனுக்கு 20, பல்வகைப்பட்டோர்க்கும் இடமளித்தலுக்கு 10, அறிஞரும் வேலை தருவோரும் கொண்டுள்ள அபிப்பிராயத்துக்கு 10 என்று மதிப்பெண் பகுக்கப்பட்டுள்ளது. கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு இப்பகுப்பு சிறிது மாறுபடும். அங்கே கற்பித்தலுக்கே மிகுதியான பங்கு.

தரச்சான்று என்பது தேர்வில் மாணவன் பெறும் மதிப்பெண்ணைப் போன்றது. தரவரிசையோ வகுப்பில் அவன் பெறும் இடத்தைப் போன்றது. முதலாவது, ஓர் அளவுகோலை வைத்து அளப்பது. இரண்டாவது, ஒருவரை மற்றவரோடு நிறுத்திப் பார்ப்பது. ஒரு கல்லூரி தன்னளவில் எள்ளளவும் மாறாமலே, பிறர் முன்னேறியதனால் வரிசையில் பத்திடம் இறங்கக்கூடும். மேலும், பட்டியலின் நடுப்பகுதியில் முப்பதாம் இடத்துக்கும் நாற்பதாம் இடத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு நூற்றுக்குச் சில மதிப்பெண்களே. அந்தச் சில மதிப்பெண் உம் பிள்ளையின் வாழ்வை நிர்ணயிக்கும் என்று கருதுவது தகாது. பட்டியலில் பெயரில்லாத காரணத்தாலேயே ஒரு கல்லூரியை ஒதுக்குவதும் சரியன்று. விவரங்களை அளித்துப் பங்கேற்கும் நிறுவனங்களே வரிசைப்படுத்தப்படுகின்றன.

வேறொரு குறையும் உண்டு. இவ்விரு முறைகளும் பெரும்பாலும் நிறுவனங்கள் தாமே அளிக்கும் விவரங்களைக் கொண்டு இயங்குகின்றன. அவற்றைச் சரிபார்க்க ஏற்பாடுகள் இருப்பினும், சரிபார்ப்போரும் மனிதரே. 2025 பிப்ரவரியில், ஒரு நிறுவனத்துக்கு உயர்ந்த தரம் அளிப்பதற்காகக் கையூட்டுப் பெற்றனர் என்னும் குற்றச்சாட்டின் பேரில், ஆய்வுக் குழுவைச் சேர்ந்தோர் சிலரை மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது. இதனால் முறை முழுவதுமே பொய் என்று கொள்வது அறிவுடைமையாகாது. ஒரே சான்றை நம்பி முடிவு செய்யலாகாது என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

இனி, முதன்மையான செய்திக்கு வருவோம். கல்லூரியின் பெருமை வேறு. அக்கல்லூரி ஒரு மாணவனுக்கு நாள்தோறும் செய்யும் பணி வேறு. ஆராய்ச்சிக் கட்டுரைகளின் எண்ணிக்கை பெருமையைக் காட்டும். ஆனால் விடுதி உணவும், தேர்வு முடிவு வெளியாகும் நாளும், அலுவலகச் சாளரத்தில் கிடைக்கும் பதிலும் அந்த எண்ணில் அடங்குவதில்லை. தேசியத் தரவரிசையில் அபிப்பிராயத்துக்கு இடமுண்டு. எனினும் அங்கு பயிலும் மாணவரை நேரே வினவி இடும் மதிப்பெண் அதில் இல்லை. தரச்சான்று முறையில் 2017-ஆம் ஆண்டின் திருத்தத்தில் மாணவர் மனநிறைவுக் கணிப்பு சேர்க்கப்பட்டது. வரவேற்கத்தக்கதே, ஆயினும் அது பெரும்பாலும் வகுப்பறைக் கற்பித்தலைப் பற்றியது.

பணியின் தரத்தை அளக்க இயலுமா என்று கேட்கலாம். துணியை விரலால் தொட்டுப் பார்க்கலாம். அரிசியைப் பல்லில் கடித்துப் பார்க்கலாம். பணியோ செய்யும்போதே நுகரப்பட்டு மறைந்துவிடுவது. இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டவர்களுள் நம் சென்னையோடு தொடர்புடைய ஒருவரும் இருக்கிறார். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்று, பின்னர் அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கிய ஏ. பரசுராமன் அவர். வலரி ஸைதாமல், லெனார்ட் பெர்ரி என்னும் இருவரோடு சேர்ந்து அவர் 1985-இல் ஒரு கருத்தை வெளியிட்டார். 1988-இல் அதற்குரிய அளவுகோலையும் அமைத்தார். 'செர்வ்குவால்' என்பது அதன் பெயர். அவர்கள் ஆராய்ந்தவை வங்கி, தொலைபேசி முதலிய பணிகளே. பின்னர் உலகெங்கும் ஆய்வாளர் அந்த அளவுகோலை மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் பொருத்திப் பார்த்தனர்.

அதன் உட்கருத்து மிக எளிது. பணியின் தரம் என்பது நாம் எதிர்பார்த்ததற்கும் பெற்றதற்கும் உள்ள இடைவெளி. 22 கூற்றுகளைக் கொண்டு முதலில் எதிர்பார்ப்பைக் கேட்கின்றனர். பின்னர் அனுபவத்தைக் கேட்கின்றனர். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கின்றனர். அக்கூற்றுகள் ஐந்து பண்புகளில் அடங்கும். கண்ணுக்குப் புலனாகும் வசதிகள் ஒன்று. சொன்னதைச் சொன்னபடி செய்யும் நம்பகம் இரண்டு. காலந்தாழ்த்தாது உதவும் முனைப்பு மூன்று. பணிபுரிவோரின் அறிவும் பண்பும் ஊட்டும் உறுதி நான்கு. ஒவ்வொருவரையும் தனித்தனியே கருதும் பரிவு ஐந்து. இவ்வைந்தனுள் மக்கள் பெரிதெனக் கொண்டது நம்பகத்தையே என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆயின் கல்லூரி விளம்பரங்களில் நாம் காண்பதெல்லாம் கண்ணாடி மாளிகையும் பசும்புல் தரையும். அதாவது முதற்பண்பு மட்டுமே.

இந்த அளவுகோலுக்கு மறுப்பும் எழுந்தது. எதிர்பார்ப்பு ஆளுக்கு ஆள் மாறுபடும் அன்றோ? சிற்றூரிலிருந்து வந்த மாணவிக்கு மின்விசிறியும் தனிக்கட்டிலும் உள்ள விடுதி நிறைவு தரும். பெருநகரில் வளர்ந்தவளுக்கு அதே விடுதி குறையாகத் தோன்றும். விடுதி ஒன்றே; மதிப்பெண் இரண்டு. எனவே எதிர்பார்ப்பை விடுத்து, நடைமுறையை மட்டும் அளந்தால் போதும் என்று 1992-இல் கிரோனின், டெய்லர் என்னும் இருவர் வாதிட்டனர். வெவ்வேறு கல்லூரி மாணவரின் மனநிறைவு எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுங்கால் இம்மறுப்பை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். குறைந்த எதிர்பார்ப்புடையோர் பயிலும் கல்லூரி, தகுதிக்கு மேலான எண்ணைப் பெற்றுவிடலாம்.

இங்கே மற்றொரு வினா குறுக்கிடுகிறது. மாணவன் என்ன, கடைக்கு வந்த வாடிக்கையாளனா? கல்வி விலைப்பொருளா? சட்டமும் இவ்வினாவை எதிர்கொண்டது. பள்ளித் தேர்வு வாரியம் ஒன்றைப் பற்றிய வழக்கில் 2009-ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தேர்வு நடத்துவது நுகர்வோர் சட்டம் கூறும் 'சேவை' ஆகாது, தேர்வெழுதுபவர் 'நுகர்வோர்' ஆகார் என்று கூறியது. 2010-இல் பல்கலைக்கழகம் ஒன்றைப் பற்றிய வழக்கிலும் அந்நெறியையே பின்பற்றியது.

தமிழில் தொண்டு, பணி, ஊழியம், சேவை எனப் பல சொற்கள் இருத்தல் இங்கே நமக்குத் துணை செய்கிறது. ஆசிரியர் புரிவது தொண்டு. அலுவலகம் புரிவது சேவை. கடுமையாகத் திருத்தும் ஆசிரியர்மீது இன்று மாணவனுக்கு வெறுப்பு. பத்தாண்டு கழித்து அவரே அவன் நெஞ்சில் நிற்பவர். தாராளமாக மதிப்பெண் வழங்கியவர் இன்று நல்லவர், நாளை மறக்கப்படுபவர். ஆகவே கற்பித்தலின் தரத்தை இன்றைய மனநிறைவு ஒன்றால் மட்டும் அளப்பது பிழைபடும். ஆனால் கட்டண ரசீது, சான்றிதழ், விடுதி, நூலகத் திறப்பு நேரம், தேர்வு முடிவு ஆகியவற்றில் மாணவனே முழு நீதிபதி. அங்கே அவன் குறை சொன்னால், 'இளையோர்க்கு விளங்காது' என்று தட்டிக்கழிக்க எவர்க்கும் உரிமையில்லை. இவ்விரண்டையும் பிரித்து அளப்பதே நேரிய மதிப்பீடாகும்.

அலுவலகச் சேவை சிறு செய்தி என்று எண்ணிவிட வேண்டா. தில்லியில் நமக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பத்தின் மகள், தென்னகத்தில் உயர்ந்த எழுத்துத் தரம் பெற்ற ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். உதவித்தொகை விண்ணப்பத்துக்கு 'போனஃபைடு' சான்றிதழ் தேவைப்பட்டது. அலுவலகத்துக்கு அவள் நான்கு முறை நடந்தாள். ஒப்பமிட வேண்டியவர் ஒருநாள் விடுப்பு, ஒருநாள் கூட்டம், ஒருநாள் முத்திரை கிடைக்கவில்லை. பெற்றோரை அழைத்து வருமாறு ஒருநாள் சொன்னார்கள்; பெற்றோரோ இரண்டு நாள் ரயில் பயணத் தொலைவில் இருந்தனர். விண்ணப்பத்தின் கடைசி நாள் கடந்தது. அவ்வாண்டு உதவித்தொகை போயிற்று. தாயின் வளையல் இரண்டு அடகுக்குச் சென்றன. உள்ளூர் மாணவிக்காயின் தந்தையோ மாமனோ மறுநாளே வந்து நின்றிருப்பார். பரிந்து பேச ஆளில்லாத மாணவருக்கே சேவையின் தரம் உயிர்நிலையாகிறது. அந்தக் கல்லூரியின் எழுத்துத் தரம் பொய்யன்று. ஆனால் அது இதனை அளந்ததன்று.

அவ்வாறாயின், தொலைவில் இருக்கும் பெற்றோர் செய்யத்தக்கது யாது? மூன்று செயல்களைப் பரிந்துரைக்கிறோம்.

முதலாவது, தரவரிசை எண்ணுக்கு அடியில் இருக்கும் விவரத்தாளைப் படித்தல். தேசியத் தரவரிசையில் பங்கேற்கும் நிறுவனங்கள், தாம் அளித்த விவரங்களைத் தம் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். அதில் மாணவருள் அதே மாநிலத்தவர் எத்தனை பேர், வெளிமாநிலத்தவர் எத்தனை பேர் என்ற கணக்கு இருக்கும். வெளிமாநிலத்தவர் ஓரளவேனும் பயிலும் இடத்தில், அவர்தம் தேவைகளை அலுவலகம் பழகியறிந்திருக்க வாய்ப்புண்டு. சேர்ந்தோருள் எத்தனை பேர் குறித்த காலத்துக்குள் பட்டம் பெற்றனர் என்ற கணக்கும் இருக்கும். நூறு பேர் சேர்ந்து அறுபது பேரே உரிய காலத்தில் முடித்தனர் என்றால், எஞ்சிய நாற்பது பேர் என்னவாயினர் என்று கேட்பது நம் உரிமை. வேலை பெற்றோரின் இடைநிலை ஊதியமும் அதில் இருக்கும். விளம்பரம் கூறும் சராசரியை விட இது நேர்மையான எண். பத்துப் பேருள் ஒன்பது பேருக்கு ஆண்டுக்கு 3 லட்சமும் ஒருவருக்கு 40 லட்சமும் கிடைத்தால் சராசரி 6 லட்சத்து 70 ஆயிரம் ஆகும்; இடைநிலை ஊதியமோ 3 லட்சமே. உம் பிள்ளை அந்த ஒன்பதின்மருள் ஒருவராக இருக்கவே வாய்ப்பு மிகுதி.

இரண்டாவது, அங்கே இப்போது பயிலும் மாணவர் இருவரையோ மூவரையோ கண்டு, அல்லது தொலைபேசியில் அழைத்து, ஐந்து பண்புகளையும் எளிய கேள்விகளாக்கிக் கேட்டல். 'கல்லூரி நல்லதா?' என்று கேட்டால் 'நல்லதுதான்' என்றே பதில் வரும். அதற்கு மாறாக, 'சென்ற பருவத்தின் தேர்வு முடிவு எந்த நாளில் வந்தது? அறிவித்த நாள் எது?' என்று கேளுங்கள், நம்பகம் விளங்கும். 'ஒரு சான்றிதழ் வாங்க எத்தனை நாளாகிறது?' என்று கேளுங்கள், முனைப்பு விளங்கும். 'ஆய்வுக்கூடக் கருவியை நீயே கையாண்டாயா, கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்தாயா?' என்று கேளுங்கள். வசதியின் மெய்ம்மை விளங்கும். 'பாடம் நடத்தியவர் ஆண்டு முழுவதும் ஒருவரேயா, நடுவில் மாறினாரா?' என்று கேளுங்கள்; உறுதி விளங்கும். 'காய்ச்சலில் படுத்தபோது யார் வந்து பார்த்தார்?' என்று கேளுங்கள், பரிவு விளங்கும். நாளும் எண்ணும் நிகழ்ச்சியும் கூறத்தக்க கேள்விகளுக்குப் புகழுரையால் விடை சொல்ல இயலாது.

மூன்றாவது, குறை நேர்ந்தால் தீர்வு காணும் வழியை முன்னரே அறிந்திருத்தல். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட அறிவிப்பின்படி, மாணவரின் மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்தபின் கல்லூரி திருப்பித் தந்துவிட வேண்டும். பிடித்து வைத்தல் கூடாது. சேர்க்கைக்கென அறிவித்த கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால், அலுவலகச் செலவுக்குரிய சிறு தொகை நீங்கலாகக் கட்டணம் முழுவதையும் திரும்பப் பெறலாம். நாள் செல்லச் செல்ல அத்தொகை குறையும். 2023-இல் வெளியான மாணவர் குறைதீர்ப்பு விதிகள், ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைதீர்ப்புக் குழு ஒன்றும், அதன் முடிவின்மீது முறையீடு கேட்கப் பல்கலைக்கழக அளவில் குறைதீர்ப்பாளர் ஒருவரும் இருத்தல் வேண்டும் என்கின்றன. சேருமுன் அக்குழுவினர் யாவர் என்று அலுவலகத்தைக் கேளுங்கள். அந்தப் பதிலே அலுவலகத்தின் தரத்தைப் பாதி உணர்த்திவிடும்.

ஒப்பிடும் முறைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஒரு கல்லூரியை அது தந்த வாக்குறுதியோடு ஒப்பிடுங்கள். அடுத்து, அதற்கு நிகரான கல்லூரிகளோடு ஒப்பிடுங்கள். மாவட்டத் தலைநகரின் அரசுக் கலைக்கல்லூரியைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தோடு நிறுத்திப் பார்ப்பது இருவர்க்கும் நியாயமன்று. தேசிய வரிசை எண்ணை இறுதியாகப் பாருங்கள். நம்மில் பலர் இவ்வொழுங்கைத் தலைகீழாக்கி, எண்ணில் தொடங்கி எண்ணிலேயே முடித்துவிடுகிறோம்.

பழுதான பாத்திரத்தைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம். பழுதாகிப்போன மூன்றாண்டை எவரும் மாற்றித் தரார். அதனாலேயே சேர்வதற்கு முன் கேட்கும் கேள்விக்கு மதிப்பு மிகுதி. தனித்தனிக் குடும்பங்களாகக் கேட்பதைவிட, ஒவ்வொரு நகரிலும் உள்ள தமிழ்ச் சங்கத்தார் இப்பணியை மேற்கொண்டால் பயன் பன்மடங்காகும். உங்கள் நகரிலிருந்து சென்ற பிள்ளைகள் இன்று எந்தெந்தக் கல்லூரிகளில் பயில்கின்றனர், அவர்கள் கண்டது யாது என்பதை ஒரு குறிப்பேட்டில் ஆண்டுதோறும் பதிந்து வாருங்கள். ஆண்டு விழாவுக்குச் செலவிடும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும். ஊரில் எதிர்வீட்டார் வாய்மொழியாகச் செய்துவந்த உதவியை, வெளிமாநிலத்தில் அந்தக் குறிப்பேடு செய்யும். வரும் சேர்க்கைப் பருவத்துக்கு முன்பே அதன் முதற்பக்கம் எழுதப்படுமாக.